அடைமழைக் காலமும் குடித்தனச் சிக்கனமும்

ஐப்பசியில் அடைமழை என்பது காவிரிப் படுகைக் குடியானவர்களுக்குப் பழக்கமான சொல். தமிழ்நாடு ஆண்டு ஒன்றுக்குப் பெறும் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர் மழையில் பாதியளவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் பெய்வதாகும். கடலோர ஜில்லாக்களில் இப்பங்கு இன்னும் அதிகம். சம்பாப் பயிருக்கு இம்மழை உயிர் போன்றது. ஆனால் குடித்தனத்துக்கோ இதுவே வருஷத்தில் மிகக் கடினமான காலம். கூலி வேலை குறையும்; விறகு நனையும்; மாடுகள் மேய்ச்சலின்றிக் கொட்டிலில் நிற்கும்; சம்பா அறுவடையோ தை மாதத்திற்குப் பின்னரே. கையில் தானியமில்லாத வீட்டார் இம்மாதங்களில் கடன் வாங்கி, அதிக விலைக்குப் பண்டங்களைக் கொள்ள நேரிடுகிறது. தையில் களத்துக்கு வரும் நெல்லின் ஒரு பகுதி அக்கடனுக்கே போய்விடும். இந்த நஷ்டத்தைத் தவிர்க்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆடி முதல் புரட்டாசி வரை கிடைக்கும் வெயிலையும், வீட்டாரின் உழைப்பையும் முறையாகப் பயன்படுத்தினாலே போதுமானது.

1. நெல்லும் அரிசியும்

முதலில் குடும்பத்தின் தேவையைக் கணக்கிடுதல் வேண்டும். நாள் ஒன்றுக்கு 2 கிலோ அரிசி செலவாகும் வீட்டில் 90 நாட்களுக்கு 180 கிலோ அரிசி தேவை. நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகத் தேறுமாதலால், 270 கிலோ நெல்லை ஒதுக்கி வைக்க வேண்டும். இதில் ஒரு பகுதியையேனும் புரட்டாசிக்குள் புழுக்கி, உலர்த்தி, அரிசியாக்கிக் கொள்ளுதல் நலம். மழை பிடித்தபின் புழுக்கிய நெல்லை உலர்த்த வழியின்றி, அது புளித்து நாற்றமடைவது சகஜம்.

குறுவை அறுவடை மழையின் தொடக்கத்தோடு சேர்ந்து வருவதால் ஈர நெல்லே பெரிய தொல்லை. விற்பனைக்குக் கொண்டுபோகும் நெல்லுக்கு அரசுக் கொள்முதல் நிலையங்களில் பொதுவான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். வீட்டில் சேமிக்கும் நெல்லோ 14 சதவீதத்துக்கும், விதை நெல் 13 சதவீதத்துக்கும் மேற்படலாகாது. ஈரம் மிகுந்தால் நெல் சூடேறிப் பூசணம் பிடிக்கும். விதையின் முளைப்புத் திறனும் கெடும். களத்தில் நெல்லை மெல்லிய படலமாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். உலர்ந்த நெல்லைச் சூடு ஆறிய பின்னரே குதிரில் கொட்ட வேண்டும். சூட்டோடு கொட்டினால் உள்ளே வேர்வை பூத்துக் கெடும்.

ஈரத்தை அறியக் கருவி இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாய் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது நெல்லையும், வறுத்து ஆறவைத்த உப்பையும் இட்டு, மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் நெல்லில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் உண்டென அறியலாம். மீண்டும் ஒரு வெயில் காட்டுதல் அவசியம். ஒட்டாது உதிர்ந்தால் அடுத்த வெயிலுக்குப் பின் சேமிக்கலாம்.

குதிர், பத்தாயம் ஆகியவற்றை நிரப்புமுன் பழைய தானியத்தை முற்றிலும் துடைத்தெடுத்து, வெடிப்புகளைக் களிமண்ணும் சாணமும் கலந்து பூசி உலரவிட வேண்டும். பழைய வெடிப்புகளில் தங்கிய வண்டே புது நெல்லைப் பற்றுகிறது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல், மரச்சட்டங்களின்மேல், சுவரை விட்டு விலக்கி அடுக்க வேண்டும். ஈரம் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஏறுவது பலரும் கவனியாத விஷயமாகும்.

2. பயறும் வற்றலும்

பயறு வண்டு வயலிலேயே காய்களின்மீது முட்டையிடுவதால், பயற்றை நல்ல வெயிலில் பலமுறை காயவைத்தே சேமிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வேண்டிய துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்துக் கொள்ளும் பழைய வழக்கம் மிகவும் பிரயோஜனமானது. உடைத்த பருப்பில் இவ்வண்டு அதிகம் பெருகுவதில்லை.

கொத்தவரை, கத்திரி, பாகல், சுண்டை, மணத்தக்காளி முதலியவை மலிவாய்க் கிடைக்கும் நாட்களில் வற்றலிட்டுக் கொண்டால், காய்கறி விலை ஏறும் மழை நாட்களில் கைகொடுக்கும். கொத்தவரை, பாகல் ஆகியவற்றை உப்பு நீரில் அரைவேக்காடு வைத்துப் பின் உலர்த்தினால் நிறமும் சுவையும் கெடாமலிருக்கும். ஆனால் வெயிலில் உலரும்போது காய்களிலுள்ள சில உயிர்ச்சத்துக்கள், முக்கியமாய் ‘சி’ உயிர்ச்சத்து, பெரிதும் அழிந்துவிடுகின்றன. ஆகையால் வற்றலை மட்டும் நம்பாமல், கொல்லையில் முருங்கையும், மேட்டுப்பாத்தியில் கீரையும் வைத்துக்கொள்வது குழந்தைகளின் நலத்துக்கு அவசியம்.

3. விறகு

புதிதாய் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அடுப்பில் அதனை வைத்தால், எரியும் சூட்டின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகையோ கண்ணையும் மார்பையும் வருத்துகிறது. வேனிலிலேயே பிளந்து, காற்றோட்டமாய்க் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தாழ்வாரத்தில் தரை படாமல் வைத்த விறகு அதே சமையலுக்கு மிகக் குறைவாகவே செலவாகும். எரிவாயு அடுப்பு உள்ள வீடுகளிலும், வெள்ளத்தால் பாதை துண்டிக்கப்படும் நாட்களுக்காகச் சிறிது உலர்ந்த விறகு இருத்தல் நன்று.

தென்னை மட்டை, பாளை, பருத்திமார், சீமைக்கருவேல் முதலியன எரிப்பதற்கு ஏற்றவை. சாணத்தை வறட்டியாக்கி எரிப்பது சிக்கனம்போல் தோன்றினும், உண்மையில் அது வயலின் உரத்தை எரிப்பதாகும். தழைச்சத்து முழுவதும் புகையாய்ப் போய்ச் சாம்பலே மிஞ்சுகிறது. சாணத்தை எருக்குழியில் சேர்த்து, குழியைச் சுற்றிக் கரை கட்டி, மேலே கீற்றுப் பந்தலிட்டால் மழையில் சத்து கரைந்து போகாது.

4. வைக்கோலும் கால்நடையும்

வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 6 கிலோ வைக்கோல் எனக் கொண்டால், இரண்டு மாடுகளுக்கு 90 நாட்களில் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். தை, மாசியில் அறுத்த சம்பா வைக்கோலே போர் போடச் சிறந்தது. புரட்டாசியில் வரும் குறுவை வைக்கோல் பெரும்பாலும் ஈரமாயிருப்பதால், அதனைப் போரில் கலவாமல் தனியே உலர்த்தி முதலில் செலவழித்துவிட வேண்டும்.

போரின் அடியில் கல் அல்லது மரக்கட்டைகளால் மேடை அமைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி உயர்ந்து வெளிப்புறம் சரிவாக இருக்கும்படி மிதித்து ஏற்ற வேண்டும். உச்சியைக் கூம்பாக்கி, வைக்கோற் பிரியால் இழுத்துக் கட்டினால் மழைநீர் வழிந்தோடும். உச்சி தட்டையாயிருந்தால் நீர் உள்ளிறங்கி, போரின் நடுப்பகுதியே மக்கிவிடும். பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவது நோய்க்கு வழியாகும். அதனை எருக்குழியில் தள்ளிவிடுதலே லாபம். மாட்டுக் கொட்டிலின் தரையை உயர்த்தி, மூத்திரம் வடியக் கால்வாய் அமைத்தல் வேண்டும். தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்னரே கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்வது அவசியம்.

5. வீடும் கிணறும்

கூரை வீட்டில் புதுக் கீற்று வேய்வதற்கு ஆவணியே ஏற்ற மாதம். முழுவதும் வேய இயலாதவர்கள் மழைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தையும் முகட்டையும் மட்டுமாவது புதுப்பிக்கலாம். ஓட்டு வீட்டில் எலியும் பூனையும் நகர்த்திய ஓடுகளைச் சீர்செய்து, இறவாரத்து நீர் சுவரடியில் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும். 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யத்தை அடுத்துக் கரை கடந்த கஜா புயலும் இப்பருவத்தில் வந்தவையே. ஆகவே கூரையைக் கயிறிட்டு இறுக்குதலும், வீட்டின்மேல் சாயக்கூடிய கிளைகளைக் கழித்தலும் வேண்டும். அகல், எண்ணெய், தீப்பெட்டி, உப்பு ஆகியவற்றை ஈரம் புகாத டப்பாக்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளநீர் கலந்த கிணற்றுத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு பரவும். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் தூள் தேவை. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் போதும். தூளை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரத்துக்குப் பின் இறைக்கலாம். நீர் கலங்கலாயிருந்தால் காய்ச்சிக் குடிப்பதே பத்திரம்.

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை காசுச் செலவற்றவை. காலம் தவறாமை ஒன்றே அவற்றின் விலை. ஆவணி வெயிலில் அரை நாள் உழைப்பால் உலரும் நெல்லை ஐப்பசியில் எத்தனை செலவிட்டும் உலர்த்த முடியாது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்னும் பழமொழி வெயிலுக்கும் பொருந்துமன்றோ! மழைக்கு முன் ஆயத்தம் செய்துகொண்ட குடும்பம் தையில் கடனின்றிக் களத்துக்குச் செல்லும். விளைந்த நெல்லும் முழுவதும் அதன் வீட்டுக்கே வந்து சேரும்.