தினமும் சாயந்திரம் ஒரு குவார்ட்டர்... குறைப்பது எப்படி? திடீரென நிறுத்தினால் சிலருக்கு ஆபத்து!

திருப்பூர்:

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனி கேட் திறந்ததும் ஒரு கூட்டம் பஸ் ஸ்டாப்புக்கு போகிறது. இன்னொரு கூட்டம் நேராக டாஸ்மாக் கடைக்கு போகிறது. இவர்கள் ரோட்டில் விழுந்து கிடப்பவர்கள் அல்ல. மறுநாள் காலையில் டைமுக்கு வேலைக்கு வந்து விடுவார்கள். "உடம்பு வலிக்குதுங்க, ஒரு குவார்ட்டர் போட்டா தான் தூக்கம் வருது" என்பது தான் இவர்கள் சொல்லும் காரணம்.

இதில் பலருக்கும் குறைக்க ஆசை தான். மாலை போடுகிறார்கள், கோவிலில் கயிறு கட்டுகிறார்கள், பிள்ளை தலையில் கை வைத்து சத்தியம் செய்கிறார்கள். சிலர் அதோடு தப்பித்து விடுகிறார்கள். சிலரோ மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். ஏன் இப்படி? விவரம் வருமாறு:-

குவார்ட்டரில் எவ்வளவு?

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். கணக்கு போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஒரு அளவு என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். அப்படி பார்த்தால் ஒரு குவார்ட்டர் 6 அளவு, ஒரு கட்டிங் 3 அளவு.

"நான் பீர் தானே குடிக்கிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. 8 சதவீத ஸ்டிராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 4 அளவு இருக்கிறது. அதாவது ஒரு கட்டிங்கை விட அதிகம்!

ஒரு அளவை கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணிக்கு குவார்ட்டரை முடித்தால், விடியற்காலை 3 மணி வரைக்கும் ஈரல் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். தூக்கம் சீக்கிரம் வந்தாலும் பாதி ராத்திரியில் விழிப்பு தட்டுவது இதனால் தான். உடம்புக்கு கெடுதல் இல்லாத குடி அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார அமைப்பு 2023-ம் ஆண்டு சொல்லி விட்டது.

காசு கணக்கும் இருக்கிறது. சரக்கு, சைடிஷ், தண்ணி எல்லாம் சேர்த்து நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு 73 ஆயிரம் ரூபாய்!

நாலு கேள்வி

பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் நாலு கேள்வி கேட்பார்கள்.

1. குடியை குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்தது உண்டா?
2. குடிப்பதை பற்றி யாராவது பேசினால் கோபம் வருகிறதா?
3. குடித்ததை நினைத்து குற்ற உணர்ச்சி வருகிறதா?
4. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்க குடித்தது உண்டா?

இரண்டுக்கு ஆமாம் என்றால் பழக்கம் முற்றுகிறது என்று அர்த்தம். நாலாவது கேள்விக்கு ஆமாம் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் டாக்டரை பாருங்கள்.

மாலை போட்டதும் நடுக்கம்

வருஷக்கணக்கில் தினமும் அதிகமாக குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் மூளையும் நரம்பும் தடுமாறும். கடைசியாக குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளில் ஒரு சிலருக்கு புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வது போல தெரியும், யாரோ கூப்பிடுவது போல கேட்கும்.

இதை பார்த்து வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்து விட்டது, சாமி குத்தம் என்று பூசாரியை தேடி ஓடுகிறார்கள். அது பேயும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போக வேண்டும். சில நாள் மாத்திரையும், வைட்டமின் பி1 மருந்தும் கொடுத்து டாக்டர்கள் இதை சரி செய்து விடுவார்கள். மாலை போடுவது நல்லது தான். ஆனால் தினமும் குடிப்பவர்கள் மாலை போடும் முன் டாக்டரை பார்ப்பது அதை விட நல்லது.

தாங்களே குறைப்பவர்கள்

காலை நடுக்கம் இல்லாதவர்கள், முன்பு வலிப்பு வராதவர்கள் படிப்படியாக குறைக்கலாம். ஆபத்து நேரம் வேலை முடிந்த முதல் ஒரு மணி நேரம் தான்.

* வெறும் வயிற்றோடு கேட்டை தாண்டாதீர்கள். இரண்டு பன்னோ, ஒரு தட்டு சுண்டலோ சாப்பிட்டு விட்டால் பாதி ஆசை அடங்கி விடும்.

* கடை இருக்கும் ரோட்டை விட்டு வேறு வழியில் வீட்டுக்கு போங்கள்.

* சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்து விட்டு பஸ் காசு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

* முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் குடிக்காத நாள். பிறகு மூன்று. குவார்ட்டர் அடிப்பவர் கட்டிங்குக்கு இறங்கலாம். காலண்டரில் குறித்து வையுங்கள்.

* ஆசை வந்தால் அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதற்குள் வேகம் குறைந்து விடும்.

முதல் சில ராத்திரி தூக்கம் வராது. பயப்பட வேண்டாம். நீங்களாக தூக்க மாத்திரை வாங்கி போடக்கூடாது. சரக்கோடு சேர்ந்தால் மூச்சே நின்று விடும். ஒரு நாள் தவறி குடித்து விட்டால் "எல்லாம் போச்சு" என்று விட்டு விடாதீர்கள். மறுநாள் திரும்ப தொடங்குங்கள்.

சாம்பாரில் மருந்து வேண்டாம்!

"அவருக்கு தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். அதை வாங்கி சாம்பாரில், காபியில் கலக்கும் பெண்கள் உண்டு. அதில் என்ன மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சரக்கோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் சரேலென்று இறங்கும் மருந்துகள் உண்டு. டாக்டர்கள் அதை ஆளிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். தெரியாமல் கலந்தால் குடியோடு உயிரும் போய் விடும்.

போதையில் இருப்பவரிடம் சண்டை போட்டும் பிரயோஜனம் இல்லை. காலையில் டீ கொடுக்கும்போது பேசுங்கள், காதில் ஏறும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செலவு கிடையாது. "மனநலம்" என்ற போர்டை பார்த்து கூச்சப்பட்டு திரும்பி வர வேண்டாம். போனில் கேட்க தமிழக அரசின் 104, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டும் இலவசம்.

ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தாலும், குடியை நிறுத்தினால் பெரும்பாலும் அது சரியாகி விடும். ஈரல் சுருங்கி போன பிறகு திரும்பாது. எனவே வயிறு வீங்கும் வரை காத்திருக்காமல், இன்று சாயந்திரமே வேறு ரோட்டில் வீட்டுக்கு போய் பாருங்களேன்!