கைமாறும் கருவிகள் – 9: ட்வின் ரிவெர்புக்கு என்ன விலை சொல்வது?

1970களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் தயாரான ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயரை அமெரிக்காவில் இன்று ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்கு வாங்கிவிடலாம். அதே கம்பெனி, அதே பெயரில், அறுபதுகளின் அச்சாக இன்று வால்வு வைத்துச் செய்து விற்கும் புது ஆம்ப்பின் விலை அதைவிடக் கணிசமாகக் கூடுதல். பழையதன் உள்ளே ஒயர்களைக் கையால் பற்றவைத்திருப்பார்கள். புதியதில் இருப்பது அச்சிட்ட சர்க்யூட் போர்டு. இருந்தும் பழையதுதான் மலிவு. கிடார்களில் இது நடப்பதில்லை. சென்ற வாரம் பார்த்தோம், பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றாலே விலை எங்கோ போய்விடுகிறது.

காரணம் எடை. ட்வின் ரிவெர்ப் ஏறக்குறைய 29 கிலோ. 85 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. அறுபதுகளில் மேடை ஒலிபெருக்கி என்பது பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கிடார் சத்தம் அரங்கின் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் அதை ஆம்ப்பே செய்ய வேண்டும். அதற்காகப் பிறந்த பெட்டி இது. இன்றைக்கு ஆம்ப் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் போதும், மீதியை அரங்கின் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். ஆகவே 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப், 12 வாட் பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்ற சின்ன ஆம்ப்களைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். புதிதாக வந்த காலத்தில் ட்வினைவிட விலை குறைவாக விற்றவை அவை. எழுபதுகளின் டீலக்ஸ் ரிவெர்ப் இன்று அதே வருடத்து ட்வினைவிடக் கூடுதலாகப் போகிறது. ட்வினைவிடக் குறைந்த சத்தத்திலேயே அதன் முழு ஒலியும் கிடைத்துவிடும். மாடிப்படியில் ஒரே ஆள் தூக்கிக்கொண்டும் போகலாம்.

அடுத்தது வருடம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். ஆம்ப்பின் முகப்புத் தகடு அதன்பிறகும் 1967 வரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளி நிறத்துக்கு மாறியது. கறுப்பு முகம், வெள்ளி முகம் என்று சந்தை பிரிந்தது இதனால்தான். கறுப்பு முகத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை. தொடக்ககால வெள்ளி முகத்தின் உள்ளே இருப்பது கறுப்பு முகத்தின் சர்க்யூட்டேதான், சிற்சில மாற்றங்களோடு. இந்த விலை வித்தியாசத்தில் பாதி, நிறத்துக்குக் கொடுக்கும் பணம் என்பது என் உறுதியான எண்ணம். வாசிப்பதற்காக வாங்குகிறவர் வெள்ளி முகத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். எழுபதுகளின் பிற்பகுதியில் ட்வினை 135 வாட்டாக உயர்த்தினார்கள். அதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே வேறு வகை. பழைய சர்க்யூட்டுக்குத் திருப்புவது சுலபமில்லை. வரிசையில் மிகக் குறைந்த விலைக்குப் போவது அதுதான்.

தன்னிடம் இருப்பது எந்த வருடத்து ஆம்ப் என்று தெரியாமலேயே பலர் விலை சொல்லிவிடுகிறார்கள். வால்யூம் குமிழ்களுக்குப் பின்னால், சேஸிஸுக்கு உள்ளே, சிறு எண்கள் பொறித்திருக்கும். உதாரணமாக 137 7239 என்றிருந்தால், 137 என்பது சிடிஎஸ் என்ற குமிழ்த் தயாரிப்பாளரின் எண். அடுத்தது 1972, 39ஆவது வாரம். ஆம்ப் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் தயவுசெய்து இதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் அது. வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இனி சர்வீஸ். பேரங்கள் அதிகம் முறிவது இங்கேதான். நம் வீட்டு வால்வு ரேடியோவைப் போலவே இதிலும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலத்தால் காய்ந்துபோகும். நாற்பது, ஐம்பது வருடம் ஆன ஆம்ப்பில் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதால் ‘ஒரிஜினல்’ தன்மை கெட்டுவிட்டது என்று விவரம் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று முள் பிளக் போட்டதும் அப்படியே. ட்ரான்ஸ்ஃபார்மரோ ஸ்பீக்கரோ மாறியிருந்தால்தான் விலை இறங்கும். மாற்றிய பழைய ஸ்பீக்கர் வீட்டில் கிடந்தால் அதையும் சேர்த்தே கொடுங்கள், அதற்கும் மதிப்புண்டு.

வால்வுகள் தனிக் கணக்கு. ட்வினில் பெரியவை நான்கு, சிறியவை ஆறு. உலகில் இன்று வால்வு செய்யும் ஆலைகள் ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாக்கியா, சீனா என்று ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் வரத்து தடுமாறி விலை ஏறியது. தேய்ந்த வால்வுகளோடு விற்கும் ஆம்ப்பில் வாங்குபவர் புது செட்டின் விலையை முதலிலேயே கழித்துக்கொள்வார்.

சர்வீசுக்கு முந்நூறு டாலர் கொடுத்தவர் அந்த முந்நூறையும் விலையில் ஏற்றிச் சொல்கிறார். அது நடக்காது. சந்தை விலை என்பதே ஒழுங்காக ஓடும் ஆம்ப்புக்கான விலை. சர்வீஸ் அதை ஏற்றாது, இறங்காமல் காக்கும். செய்த வேலைக்கு பில் இருந்தால் முழு விலை கேட்கலாம். பில் இல்லையென்றால், செய்யாத வேலை என்றே எதிராளி கணக்குப் போடுவார். எது மாறியது, எது மாறவில்லை, எங்கே இரைகிறது என்று விற்பவர் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் மனத்தில் ஒரு தொகை கழிகிறது. அந்தத் தொகை எப்போதும் உண்மையான ரிப்பேர் செலவைவிடப் பெரிது, ஏனென்றால் அது பயத்தின் கணக்கு. உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவது லாபமும்கூட.

விலையை எங்கே பார்ப்பது? ஈபேயிலும், இசைக்கருவிகள் விற்கும் ரிவெர்ப் என்ற இணையதளத்திலும் ஆட்கள் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள்; விற்று முடிந்தவற்றின் விலை தனியாகக் கிடைக்கிறது, அதைப் பாருங்கள். கடையில் கொடுத்தால் அந்த விலையில் பாதியை ஒட்டித்தான் தருவார்கள். கடைக்காரரும் உத்தரவாதம் கொடுத்து விற்று வாடகை கட்ட வேண்டுமே. வெளியூருக்கு அனுப்பினால் 29 கிலோவுக்கான கூலியும் உடைந்துபோகும் அபாயமும் சேரும். உள்ளூரில் சற்றுக் குறைத்துக் கொடுப்பதே மேல்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வழியாக ஆம்ப் வரவழைக்க நினைக்கும் நம்மூர் வாசகர்களுக்கு ஒன்று. அங்கே உள்நாட்டுக்கென்று செய்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. இங்கே 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் பாழாகிவிடும். தக்க ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை, அதன் விலையையும் எடையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். 230 வோல்ட் ஏற்றுமதி மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

விற்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்குபவர் வீட்டுக்கு வரும்போது ஆம்ப்பை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் அவரே ஸ்விட்சைப் போடட்டும், அரை மணி நேரம் வாசிக்கட்டும். கோளாறு இருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் விலையில் அவருக்குச் சந்தேகம் இருக்காது.