ஓர் எழுத்து செய்யும் வேலை!

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் ஊரே கிரிவலப் பாதையில்தான். 14 கிலோ மீட்டர் சுற்றில் எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கும் உறுப்புகள் எட்டுதான்: பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர், கீபோர்டும் மவுஸுமான ஜோடி. ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் உயிர் வரும்.

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. எனவே, புதிது வாங்கும் யோசனை அநேகருக்கு வந்துவிட்டது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர், சேமிப்பை மடியில் முடிந்துகொண்டு சென்னைக்குப் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 190 கிலோ மீட்டர் பயணம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைகளுக்கா பஞ்சம்? 2022-ல் வந்த இன்டெல் 'ஐ3 12100' ஒரு விலை. 'ஐ3 12100எஃப்' சற்று மலிவு. "வேகம் இரண்டிலும் ஒன்றுதான்" என்கிறார் விற்பவர். அது பொய்யல்ல. மலிவானதை வாங்கிக்கொண்டு மனிதர் சந்தோஷமாக ஊர் திரும்புகிறார்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றுகிறது. மானிட்டரிலோ ஒரே அமாவாசை! காரணம் அந்த 'எஃப்'தான். அந்த எழுத்து உள்ள பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மிச்சம் பிடித்த பணத்தைவிட அதற்கு ஆகும் செலவு ஜாஸ்தி. ஏ.எம்.டி.யிலும் இதே சங்கதிதான்: 'ரைசன் 5 5600'-ல் படப் பகுதி இல்லை, 'ஜி' சேர்ந்த '5600ஜி'யில் உண்டு.

ராமிலும் கவனம் அவசியம். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்; ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கான மதர்போர்டில் மற்றது நுழையாது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் 8 ஜி.பி. ஒப்பேற்றும், 16 இருந்தால் நிம்மதி. விண்டோஸ் இருப்பது எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் நகல்களைச் சேமித்துவைக்க உதவும்.

கேபினெட்டோடு 'சும்மா' கிடைக்கும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கண்டு மயங்கலாகாது. மின்சாரம் ஏறி இறங்கும்போது மற்ற உறுப்புகளுக்குக் காவல் அதுதான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நல்ல கம்பெனியின் 450 வாட் தாராளம். கரண்டு போனால் தட்டச்சு செய்ததைச் சேமித்துவைக்க அவகாசம் தருவது யு.பி.எஸ். அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுவது நல்லது.

கெட்டிக்காரர் பஸ் ஏறுமுன்பே, செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அதற்கேற்ற பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, அதற்கேற்ற ராம் என்று வரிசையாகக் குறித்துக்கொள்வார். பெயரின் கடைசி எழுத்தையும் விடாமல் எழுதுவார். பில்லில் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்பார். 190 கிலோ மீட்டரை இரண்டாம் முறை அளக்கும் வேலை அவருக்கு இராது!