ஓடும் வாகனத்துக்கு அழைப்பு எடுப்பது யார்?

ஒன்ராறியோவுக்கு வந்து சேரும் எம்மவர் பலருக்கு முதலில் அகப்படும் வேலைகளில் ஒன்று வாகனம் ஓட்டும் வேலை. பீற்சா கொண்டுபோய்க் கொடுப்பது, பார்சல் விநியோகம், டாக்ஸி, வேலைத்தலத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது என்று அது பலவகை. கைத்தொலைபேசி இல்லாமல் இந்த வேலை ஓடாது. முகவரி வருவது அதில், வழி காட்டுவதும் அதுதான், முதலாளி கூப்பிடுவதும் அதில்தான். லைசன்ஸைப் பறிகொடுக்க வைப்பதும் அதே தொலைபேசி என்பது பிடிபட்ட பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வாகனம் ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் வைத்திருப்பது இங்கே 2009 ஒக்ரோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் தண்டனை கூட்டப்பட்டது. முழு ஜி லைசன்ஸ் உள்ளவர் முதல் தடவை பிடிபட்டால் தண்டம் 615 டொலர். நீதிமன்றம் போய்த் தோற்றால் 1,000 டொலர் வரை போகலாம். அத்துடன் 3 டிமெரிட் புள்ளிகள், 3 நாள் லைசன்ஸ் நிறுத்தம். ஜி1, ஜி2 வைத்திருப்பவருக்குப் புள்ளி போடுவதில்லை. அதைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அவருக்கு முதல் தடவையே 30 நாள் நிறுத்தம், இரண்டாம் தடவை 90 நாள், மூன்றாம் தடவை லைசன்ஸே இரத்து. ஊரில் இருபது வருடம் லொறி ஓட்டியவராக இருந்தாலும், இங்கே ஜி2 என்றால் இதே கணக்குத்தான். ஓட்டத்தை நம்பி வாடகை கட்டும் வீட்டில் 30 நாள் என்பது ஒரு மாத வாடகை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பதும் குற்றமே. வழி பார்க்கும் தொலைபேசியை மடியில் வைக்காமல், அசையாதபடி முன்னால் பொருத்த வேண்டும். 911க்கு அழைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

"கையில் எடுக்காமல் ஸ்பீக்கரில்தானே கதைக்கிறேன்" என்பார்கள். சட்டம் அதை விடுகிறது. மூளை விடுவதில்லை. அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். காதில் கேட்டுக் கதைப்பதும் கையில் பிடித்துக் கதைப்பதைப் போலவே கவனத்தைத் திருப்புகிறது என்று 2001இல் எழுதினார். ஏஏஏ அமைப்பு 2015இல் வெளியிட்ட அவருடைய ஆய்வு, குரலால் கட்டளை கொடுத்து முடித்த பின்னும் கவனச்சிதறல் 27 செக்கன் வரை நீடிக்கலாம் என்றது. 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 27 செக்கனில் வாகனம் 450 மீற்றர் போய்விடும். ஸ்காபரோவில் அதற்குள் எத்தனை பஸ் தரிப்பு, எத்தனை பள்ளிப் பிள்ளைகள்!

இதுவரை சாரதிக்குச் சொன்னோம். அழைப்பு எடுப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவரின் தொலைபேசி தானாக அடிப்பதில்லை. "தம்பி, எங்கை நிக்கிறீர்? கஸ்டமர் ரெண்டு தரம் அடிச்சிட்டார்" என்று கடை முதலாளி கேட்கிறார். எடுக்காவிட்டால் நாளைக்கு ஓட்டம் குறையும் என்ற பயத்தில் அவர் எடுக்கிறார். பொலிஸ் பிடித்தால் தண்டச் சீட்டு எழுதப்படுவது முதலாளி பெயரில் அல்ல. ஆனால் ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியைக் காக்க நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாவற்றையும் எடுக்கும்படி முதலாளியைக் கேட்கிறது. ஓட்டத்தில் இருப்பவருக்கு அழைப்பதில்லை, அவர் வண்டியை நிறுத்திவிட்டு அழைக்கட்டும் என்று ஒரு கடைக்காரர் தீர்மானித்தால் அதற்கு ஒரு சதமும் செலவில்லை. எமது கடைக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வீடு. "இஞ்சருங்கோ, வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பதற்கு எடுக்கும் அழைப்பும் அழைப்புத்தான். புறப்படுமுன் சொல்லலாம், அல்லது அவர் இடைவேளையில் எடுக்கும்வரை பொறுக்கலாம். பிள்ளைக்குச் சுகமில்லை போன்ற அவசரம் என்றால், அடுத்தடுத்து இரண்டு தரம் அடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்தைக் கேட்டதும் அவர் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டு எடுப்பார். ஓடும்போது வரும் செய்திகளுக்குத் தானே பதில் அனுப்பும் வசதி இப்போதைய தொலைபேசிகளில் உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார்கள்.

ஊரிலிருந்து வரும் அழைப்புத்தான் மறுக்க முடியாதது. யாழ்ப்பாணத்தில் அம்மா காலை ஆறு மணிக்குத் தேநீரோடு தொலைபேசியை எடுக்கும்போது இங்கே குளிர்காலத்தில் முதல்நாள் மாலை ஏழரை. பீற்சாக் கடையில் மூச்சுவிட நேரமில்லாத வேளை. வெளியே இருட்டு, ரோட்டில் பனி. அங்கே இரவு எட்டு மணிக்கு எடுக்கச் சொன்னால் இங்கே காலை ஒன்பதரை. மகன் வீட்டில் இருப்பார், அம்மாவும் படுக்குமுன் ஆறுதலாகக் கதைக்கலாம். கோடையில் இங்கே மணிக்கூட்டை மாற்றும்போது மட்டும் அது பத்தரையாகும்.