ஐஸ் பெட்டியில் உறங்கிய மீன் முட்டைகள்!

1864-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி.

லண்டனில் இருந்து "நார்போக்" என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அது ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பல். அதற்குள் ஓர் அறை. அறை நிறைய ஐஸ் கட்டிகள். ஐஸ் கட்டிகளோடு மரப்பெட்டிகள்.

பெட்டிகளுக்குள் என்ன இருந்தது? தங்கமா? வைரமா?

இல்லை. மீன் முட்டைகள்!

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன் மீன் முட்டைகள். அவற்றோடு சுமார் 3 ஆயிரம் டிரவுட் மீன் முட்டைகள்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்ற தீவு இருக்கிறது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் ஊர் மீன் மீது ஆசை. தீவின் ஆறுகளில் அந்த மீன்கள் கிடையாது. எனவே, முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்க வைக்க எண்ணினார்கள்.

எண்ணுவது எளிது. செய்வது எளிதா?

பயணம் ஏறத்தாழ 3 மாதம். வழியில் பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டும். அங்கே வெயில் கொளுத்தும். இந்த முட்டைகளோ குளிர்ந்த ஆற்றில் பொரிய வேண்டியவை. சூடு பட்டால் செத்துவிடும். சாகாமல் தப்பினாலும் சிக்கல்தான். நடுக்கடலிலேயே குஞ்சுகள் வெளிவந்துவிடும். அவை நீந்த ஓடும் ஆற்று நீருக்கு அங்கே எங்கே போவது?

1860-ம் ஆண்டிலும், 1862-ம் ஆண்டிலும் இப்படி முட்டைகளை அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் வழியிலேயே ஐஸ் உருகிவிட்டது. முட்டைகள் எல்லாம் மடிந்தன.

ஜேம்ஸ் யூல் என்பவர் மனம் தளரவில்லை. ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, லண்டனில் உள்ள ஓர் ஐஸ் கிடங்கில் வைத்துப் பார்த்தார். வாரக்கணக்கில் அவை உயிரோடு இருந்தன. அதே முறையில்தான் "நார்போக்" கப்பலில் முட்டைகளை ஏற்றினார்.

ஏப்ரல் 15-ந் தேதி கப்பல் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. முட்டைகள் அங்கிருந்து டாஸ்மேனியாவில் பிளென்டி என்ற ஆற்றின் ஓரம் கொண்டு செல்லப்பட்டன. மே மாதம் 4-ந் தேதி, முதல் டிரவுட் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்தது!

கப்பல் புறப்பட்டு 104 நாட்கள் ஆகியிருந்தன.

முட்டைக்குள் ஒரு கடிகாரம்

அந்த முட்டைகள் இத்தனை நாள் எப்படிக் காத்திருந்தன? குளிர்தான் அவற்றைத் தூங்க வைத்தது.

வீட்டில் தோசை மாவு அரைத்து வைக்கிறோம். சித்திரை மாதத்தில் அது சீக்கிரம் பொங்கிவிடும். மார்கழியில் மறுநாள் காலையில் கூடச் சரியாகப் பொங்காது. மாவு அதே மாவுதான். வேலையை விரைவாக்குவது வெப்பம். மெதுவாக்குவது குளிர்.

மீன் முட்டையும் அப்படித்தான். கோழி தன் முட்டைகளை அடைகாத்து ஒரே சூட்டில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு அந்த வழக்கம் இல்லை. முட்டை கிடக்கும் தண்ணீரின் வெப்பம் எவ்வளவோ, அவ்வளவுதான் முட்டையின் வெப்பமும்.

வானவில் டிரவுட் என்ற மீனை எடுத்துக்கொள்வோம். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடாக இருந்தால், அதன் முட்டை சுமார் 31 நாட்களில் பொரியும். 15 டிகிரியாக இருந்தால் சுமார் 19 நாட்கள் போதும். ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 80 நாட்கள் வரை ஆகும்!

ஆகவே, மீன் பண்ணைகளில் நாட்களை மட்டும் எண்ணுவது இல்லை. வெப்ப அளவை நாட்களால் பெருக்கிக் கணக்கு வைக்கிறார்கள். 10 டிகிரியில் 31 நாட்கள் என்றால் 310. இந்தக் கணக்கு ஏறத்தாழ நிரம்பும்போது குஞ்சு வரும் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

சூடு கூடினால் நல்லதுதானே?

"அப்படியானால், தண்ணீரை நன்றாகச் சுட வைத்தால் குஞ்சுகள் சீக்கிரம் வந்துவிடுமே!" என்று கேட்கத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

சூட்டில் முட்டைக்குள் இருக்கும் கரு வேகமாக வளரும். வேகமாக வளர அதற்கு அதிகப் பிராணவாயு வேண்டும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 30 டிகிரி நீரில் தங்கும் பிராணவாயு, உறையும் நிலையில் உள்ள நீரில் தங்குவதில் ஏறத்தாழ பாதிதான். தேவை கூடும்போது வரவு குறைகிறது. கரு மூச்சுத் திணறுகிறது.

உடல் அமைப்பிலும் கோளாறு வரலாம். முதுகெலும்பு உருவாகும் வேளையில் வெப்பம் மாறினால், அதில் உள்ள கணுக்களின் எண்ணிக்கைகூட மாறும். உடல் கோணிய குஞ்சுகளும் பிறக்கும்.

இன்னொரு விந்தை! நம் ஊரில் "ஜிலேபி மீன்" என்கிறோமே, அதன் உறவினம் நைல் திலாப்பியா. பிறந்து சில நாட்களே ஆன அதன் குஞ்சுகளைச் சுமார் 36 டிகிரி நீரில் வளர்த்தால், அவற்றில் ஆண் மீன்கள் அதிகமாகிவிடுகின்றன!

எல்லா மீனுக்கும் ஒரே அளவு கிடையாது. கட்லா, ரோகு மீன்கள் மழைக்காலத்தில் முட்டையிடுபவை. அவற்றுக்கு 27 டிகிரிக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான நீர்தான் பிடிக்கும். அதில் 14 முதல் 18 மணி நேரத்துக்குள் முட்டை பொரிந்துவிடும். அதே நீரில் டிரவுட் முட்டையைப் போட்டால் பிழைக்காது. ஒன்றுக்கு அமுதம், மற்றதற்கு நஞ்சு!

நீலகிரியில் டிரவுட்

இந்தக் குளிர் நாட்டு மீன் நம் நீலகிரியிலும் உண்டு. 1863-ம் ஆண்டிலேயே டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் இதை இங்கே கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. பிறகு 1907-ம் ஆண்டில், வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. சுமார் 2 ஆயிரம் மீட்டர் உயரத்தில், சோலைகளின் நிழலில் ஓடிவரும் குளிர்ந்த ஓடை நீர்தான் அங்கே ஐஸ் பெட்டி!

ஓட முடியாத உயிர்

இப்போது உலகம் எங்கும் வெப்பம் ஏறி வருகிறது. மீன்கள் என்ன ஆகும்?

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் 694 வகை மீன்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2020-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்த மீன் தாங்கும் சூட்டை, முட்டைக்குள் இருக்கும் கருவால் தாங்க முடியாது. முட்டையிடும் நிலையில் உள்ள தாய் மீனாலும் தாங்க முடியாது. இந்த நூற்றாண்டின் முடிவில் உலகின் வெப்பம் 5 டிகிரி கூடிவிட்டால், நூற்றுக்கு 60 வகை மீன்கள் வரை ஆபத்துக்கு உள்ளாகும். 1½ டிகிரியோடு நிறுத்திவிட்டால், அது நூற்றுக்கு 10 அளவில் நின்றுவிடும். இதுவே அவர்கள் கண்ட முடிவு.

பெரிய மீனுக்குத் துடுப்பு இருக்கிறது. சூடு பொறுக்காவிட்டால் ஆழத்துக்குப் போகும். குளிர்ந்த இடம் தேடி நீந்தும். முட்டை எங்கே போகும்? போட்ட இடத்தில் கிடக்க வேண்டியதுதான். பெரிய மீன்கள் துள்ளி விளையாடும் ஆற்றிலேயே, அடுத்த தலைமுறை ஓசை இல்லாமல் அழிந்துபோகலாம்.

ஓடைக் கரையில் நிற்கும் மரம் வெறும் நிழலுக்கு மட்டும் அல்ல. அதன் நிழலில்தான் தண்ணீர் குளிர்ந்து இருக்கிறது. அந்த மரத்தை வெட்டினால், தண்ணீருக்குள் இருக்கும் தொட்டிலைச் சுட்டது போலத்தான்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பிள்ளைகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீரை மாற்றும்போது, புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து ஊற்றுங்கள்.

"நார்போக்" கப்பலில் சென்ற சால்மன் மீன்கள் டாஸ்மேனியாவில் நிலைக்கவில்லை. ஆனால் சுமார் 300 டிரவுட் குஞ்சுகள் பொரிந்தன. அவை பெருகின. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போயின. அன்று ஐஸ் உருகாமல் இருந்தது. அதனால் ஒரு வம்சம் தழைத்தது!