பச்சிளம் குழந்தைக்கு வலிக்குமா? வலி மருந்தே இல்லாமல் நடந்த ஆபரேஷன்கள்... நம்பிக்கையை உடைத்த ஆய்வு! முழு விவரம்

புதன்கிழமை காலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 45 நாள் ஊசி போட கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் காத்திருப்பார்கள். ஊசி தொடையில் இறங்கிய அடுத்த நொடி குழந்தை வீறிட்டு அழும். பக்கத்தில் நிற்கும் பாட்டி சமாதானம் சொல்வார்: "பச்சப் புள்ளதானே, ரெண்டு நிமிஷத்துல மறந்துடும்."

சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த வார்த்தையை ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த டாக்டர்களும் நம்பினார்கள். பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்பதுதான் அந்த நம்பிக்கை. இதனால் 1980-களின் நடுப்பகுதி வரை, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளிலேயே பல குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

வாய் திறந்து 'வலிக்குது' என்று சொல்ல முடியாத ஒருவரின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகள்தான் குழந்தைகளுக்கான சிகிச்சையையே மாற்றின.

அசையாமல் கிடந்தால் வலி இல்லையா?

1985-ல் அமெரிக்காவில் குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே கருவில் ஓர் இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் சில சமயம் மூடாது. அதைக் கட்டி மூடத்தான் அந்தக் குழந்தைக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள்.

சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகுதான் அம்மாவுக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. ஆபரேஷனின்போது குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது, உடலை அசையவிடாமல் செய்யும் தசைத் தளர்வு மருந்து மட்டும்தான். மயக்க மருந்தோ வலி மருந்தோ கொடுக்கப்படவில்லை.

அதாவது, குழந்தையால் கை காலை உதற முடியாது, அழவும் முடியாது. ஆனால் அந்த மருந்து வலியைத் தடுக்காது. அந்தத் தாய் விடவில்லை. டாக்டர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதினார். 1986-ல் இந்த விவகாரம் அமெரிக்காவில் பெரிய செய்தியானது. நடந்தது ஒரே ஒரு இடத்தில் நடந்த தவறு இல்லை, அப்போது பல இடங்களில் இருந்த வழக்கமே அதுதான் என்பதும் வெளியே வந்தது.

டாக்டர்கள் ஏன் அப்படி நம்பினார்கள்?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன.

ஒன்று, நரம்பு வளர்ச்சி. நரம்புகளின் மேல் 'மையலின்' என்ற உறை இருக்கும். பிறந்த குழந்தைக்கு அந்த உறை முழுமையாக வளர்ந்திருக்காது. அதனால் வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது என்று நினைத்தார்கள். குழந்தை காலை இழுத்துக்கொள்வதும் அழுவதும் வெறும் அனிச்சைச் செயல் என்று கருதப்பட்டது.

இரண்டு, நினைவு. இந்த வயதில் நடப்பது எதுவும் ஞாபகம் இருக்காது, அதனால் பாதிப்பும் இருக்காது என்ற எண்ணம்.

மூன்று, பயம். குறைமாதக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். இந்த பயம் நியாயமானது. அன்றைக்கு இருந்த மருந்துகளும் கருவிகளும் அப்படி. 'வலி தெரியாது' என்ற நம்பிக்கை, ஆபத்தான மருந்தைத் தவிர்ப்பதற்கு வசதியான காரணமாகவும் இருந்தது.

இந்தூரில் படித்த டாக்டரின் கேள்வி

இந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு, ரோட்ஸ் உதவித்தொகையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். அங்கே பச்சிளம் குழந்தைகள் வார்டில் பணியாற்றியபோது, ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும் குழந்தைகள், போனபோது இருந்ததைவிட மோசமான நிலையில் இருப்பதைக் கவனித்தார்.

குழந்தையால் சொல்ல முடியாவிட்டால் என்ன, அதன் ரத்தம் சொல்லுமே என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் யோசித்தார்கள். உடலுக்குக் கடுமையான நெருக்கடி வந்தால் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் எகிறும். அதை அளந்து பார்க்கலாம்.

மேலே சொன்ன அதே இணைப்புக் குழாய் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டன. 8 குழந்தைகளுக்கு அப்போதைய வழக்கப்படி நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும் தசைத் தளர்வு மருந்தும். இன்னொரு 8 குழந்தைகளுக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

1987-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. வலி மருந்து கிடைக்காத குழந்தைகளின் உடலில் நெருக்கடி ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறியிருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த ஓட்டம் தொடர்பான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். வலி மருந்து ஆபத்து என்று பயந்து கொடுக்காமல் விட்டார்கள். ஆனால் கொடுக்காமல் விட்டதுதான் உடம்பை அதிகம் பாதித்தது.

அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில் 'நரம்பு உறை' வாதமும் உடைந்தது. பெரியவர்களின் உடலிலேயே வலியைக் கொண்டுபோகும் பல நரம்பு இழைகளுக்கு மையலின் உறை கிடையாது அல்லது மிக மெல்லியது. உறை இல்லையென்றால் செய்தி கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தையின் உடலில் அது கடக்க வேண்டிய தூரமும் குறைவு.

1992-ல் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 45 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இன்னும் அழுத்தமான பதிலைத் தந்தது. வலுவான வலி மருந்தோடு ஆழ்ந்த மயக்கம் கொடுக்கப்பட்ட 30 குழந்தைகளில் ஒருவரும் இறக்கவில்லை. அவ்வளவு ஆழமில்லாத மயக்கம் கொடுக்கப்பட்ட 15 பேரில் 4 பேர் இறந்தனர்.

வலிக்கு மார்க் போடுவது எப்படி?

பெரியவர்கள் என்றால் டாக்டர் கேட்பார், "வலி பத்துக்கு எத்தனை?" 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாக 6 படங்களைக் காட்டி, "உனக்கு எந்த மாதிரி இருக்கு?" என்று கேட்பார்கள்.

பேச்சே வராத குழந்தைக்கு? அதற்காக உருவானதுதான் பார்த்து மார்க் போடும் முறை. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் உருவான 'ஃப்ளாக்' அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் பிரபலம். 2 மாதம் முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது. நர்ஸ் ஐந்து விஷயங்களைக் கவனிப்பார்:

- முகம்: இயல்பாக இருக்கிறதா, சுளிக்கிறதா, தாடை இறுகி நடுங்குகிறதா?
- கால்கள்: தளர்வாக இருக்கிறதா, உதைக்கிறதா, மடக்கி இழுத்துக்கொள்கிறதா?
- உடல் அசைவு: அமைதியா, நெளிகிறதா, வில் மாதிரி வளைந்து விறைக்கிறதா?
- அழுகை: இல்லையா, முனகலா, நிற்காத அலறலா?
- சமாதானம்: தூக்கினால் அடங்குகிறதா, எது செய்தும் அடங்கவில்லையா?

ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மார்க். மொத்தம் 10. 4 முதல் 6 என்றால் மிதமான வலி, 7 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான வலி.

குறைமாதக் குழந்தைகளுக்கு இது போதாது. மிகவும் பலவீனமான குழந்தை வலித்தாலும் சத்தமாக அழாது. அதற்கென 1996-ல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பிப்' அளவுகோலில் புருவம் புடைப்பது, கண்ணை இறுக்கி மூடுவது, மூக்கோரக் கோடு ஆழமாவது ஆகியவற்றோடு இதயத் துடிப்பும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவும் கணக்கில் வரும். எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தை என்பதும் சேர்க்கப்படும்.

மார்க் குறைந்தால் வலி குறைந்ததா?

இங்கேதான் ஒரு சிக்கல். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் முன் சில சொட்டு சர்க்கரைக் கரைசலை நாக்கில் விட்டால் குழந்தை குறைவாக அழும். பல மருத்துவமனைகளில் இது வழக்கம். ஆனால் 2010-ல் லண்டனில் நடந்த ஆய்வில், சர்க்கரைக் கரைசல் பெற்ற குழந்தைகளின் முகத்தை வைத்துப் போட்ட மார்க் குறைந்தது, மூளையில் பதிவான வலி சமிக்ஞை மட்டும் குறையவில்லை. சர்க்கரை வலியைக் குறைக்கிறதா, அழுகையை மட்டும் குறைக்கிறதா என்ற விவாதம் அதிலிருந்து தொடங்கியது.

2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிறந்து 1 முதல் 6 நாட்களே ஆன 10 குழந்தைகளை எம்ஆர்ஐ ஸ்கேனில் வைத்துப் பாதத்தில் காயமில்லாமல் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். வலியின்போது பெரியவர்களின் மூளையில் செயல்படும் 20 பகுதிகளில் 18 பகுதிகள் குழந்தைகளிடமும் செயல்பட்டன. பெரியவர்களிடம் அதே அளவு எதிர்வினை வர, 4 மடங்கு அதிக விசை தேவைப்பட்டது.

'மறந்துடும்' என்பது உண்மையா?

1997-ல் கனடாவின் டொரன்டோவில் 87 ஆண் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிறந்த சில நாட்களில் சுன்னத் செய்யப்பட்ட குழந்தைகள், 4 அல்லது 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது, சுன்னத் செய்யப்படாத குழந்தைகளைவிட அதிகமாக வலியை வெளிப்படுத்தினார்கள். சுன்னத்தின்போது மரத்துப்போகச் செய்யும் கிரீம் தடவப்பட்டவர்களிடம் அந்த எதிர்வினை குறைவாக இருந்தது.

குழந்தைக்குச் சம்பவம் ஞாபகம் இருக்காது. ஆனால் உடம்பு மறக்கவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துவிடலாமா?

கூடாது. 2018-ல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனைக்கு முன் வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்ததற்கு அறிகுறி இல்லை. சில குழந்தைகளுக்கு மூச்சுத் தடை வந்தது. 31 குழந்தைகளோடு ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பழைய டாக்டர்களின் பயம் முழுக்கத் தவறில்லை என்பதற்கு இது உதாரணம்.

அதே நேரம், எளிதில் செய்யக்கூடியதும் பல இடங்களில் செய்யப்படவில்லை. பாரீஸ் பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்து 2008-ல் வெளியான ஆய்வில், வலி தரும் 42,413 சிகிச்சைச் செயல்கள் பதிவாகின. அவற்றில் 79.2 சதவீதம் அந்த வலிக்கென்று தனியாக எந்த நிவாரணமும் இல்லாமல் நடந்தவை.

ஊசி நாளில் பெற்றோர் என்ன செய்யலாம்?

தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைகளை வெளியிட்டது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

- குழந்தையை மேஜையில் படுக்க வைப்பதைவிட, அம்மாவோ அப்பாவோ மடியில் அணைத்தபடி வைத்துக்கொள்வது நல்லது.
- ஊசி போடும்போதோ, அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம். அணைப்பு, சூடு, இனிப்பு, சப்புதல் நான்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
- ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால், அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடச் சொல்கிறது பரிந்துரை.
- வளர்ந்த குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்ல வேண்டாம். "இப்போ போடப் போறாங்க" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும்.
- வலி வரும் என்று முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால், நர்ஸ் அல்லது டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: மருத்துவமனையில் கொடுப்பது அளந்த சில சொட்டுகள். இதைப் படித்துவிட்டு வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், சேனை, தேன் என்று எதையும் பச்சிளம் குழந்தையின் வாயில் வைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து.

குழந்தை பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைத்திருக்கும் 'கங்காரு' முறைக்கு அனுமதி கேளுங்கள். குதிகால் குத்தும்போது வரும் வலியை இது குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தம் எடுக்கும்போதும், குழாய் போடும்போதும், ஆபரேஷனுக்கு முன்பும் "வலிக்கு என்ன செய்யப் போறீங்க டாக்டர்?" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

2020-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் குறிப்பிட்டது. பேச முடியாத முதியவர்களுக்கும், நினைவில்லாமல் ஐசியூவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்காகக் கேட்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்கள்தான்.