கவுனி அரிசிக்குக் கடல் கடந்த விலாசம்

நெற்குப்பை என்ற பெயரிலேயே நெல் குவிந்து கிடக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் இந்த நகரத்தார் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் விருந்து என்றால் கவுனி அரிசிக்குத் தனி மதிப்பு. பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போனவர்கள் வழியே இவ்வரிசி இங்கு வந்தது என்பார்கள். இப்போது அது சிறு பொட்டலங்களாகி மீண்டும் கடல் கடக்கிறது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள நம்மவருக்கு நேரடியாக விற்க முனையும் உழவர் குழுவினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இணையத்தில் எந்த நாட்டு முகவரி எடுப்பது?"

அயல்நாட்டில் கடை வைப்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று எங்கே கடை திறந்தாலும் முதலாளி குடும்பத்தின் முன்னெழுத்துகளே கடையின் விலாசம். (நெற்குப்பையில் பிறந்த பயண நூலாசிரியர் சோமலெயின் பெயரும் முன்னெழுத்துகளால் அமைந்ததே.) கடையை நடத்தும் மேலாள் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார், விலாசம் மாறாது. நடத்தும் அதிகாரம் மேலாளுக்கு, பெயர் முதலாளிக்கு. இணைய முகவரிக்கும் இந்த ஏற்பாடே பொருந்தும்.

டொமைன் எனப்படும் இம்முகவரியின் கடைசியில் நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்து வரலாம். இந்தியாவுக்கு டாட் இன், சிங்கப்பூருக்கு டாட் எஸ்ஜி, கனடாவுக்கு டாட் சிஏ. இவை அந்தந்த நாட்டு விதிப்படியே கிடைக்கும். டாட் இன் 2005 முதல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளது. டாட் எஸ்ஜி வேண்டுமானால் சிங்கப்பூர் அஞ்சல் முகவரி உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாட் காம் டாட் ஏயு பெற அங்கே நிறுவனப் பதிவோ வணிகச் சின்னமோ தேவை. கனடாவும் உள்நாட்டுத் தொடர்பு கேட்கிறது.

சிக்கல் முளைப்பது இங்கேதான். "எனக்கு அங்கே முகவரி இருக்கிறது, நானே பதிந்து தருகிறேன்" என்று சரக்கை வாங்கி விற்பவர் முன்வருவார். நான் அறிந்த ஒரு குழு அப்படித்தான் ஒப்புக்கொண்டது. பதிவு அவர் பெயரில், கடவுச்சொல்லும் அவரிடம். இரண்டாண்டு கழித்து விலைப் பேச்சில் மனக்கசப்பு வந்தது. அதே முகவரியில், அதே பெயரில், வேறு எங்கோ வாங்கிய கறுப்பரிசி விற்கத் தொடங்கியது. குழுவின் பெயரை நம்பிய வாடிக்கையாளருக்கு வேறுபாடு தெரியவில்லை. குழு புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று. அவர்களைக் குறை கூற மாட்டேன்; உரம், விதை, அறுவடை என்று ஆயிரம் வேலைக்கிடையே இதை யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

பதிவு நம் பெயரிலேயே இருந்தாலும் நாட்டின் சட்டம் மாறினால் அது கைவிட்டுப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபின், 2021 தொடக்கத்தில், பிரிட்டனில் மட்டும் பதிவான நிறுவனங்கள் டாட் ஈயூ முகவரி வைத்திருக்கும் தகுதியை இழந்தன. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்து, விடுதலைக்குப் பின் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டங்களால் போன கதை நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே சிறு குழுவினர் முதலில் டாட் இன், டாட் காம் இரண்டையும் ஒரே பெயரில் எடுத்துக்கொள்வது நலம். இரண்டும் சேர்ந்தே ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். டாட் காம் தளத்திலேயே சிங்கப்பூருக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, விலையை வெள்ளியில் போட்டு, அஞ்சல் செலவையும் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையும் குறித்தால் தொடக்கத்துக்குப் போதும். நாட்டு முகவரி, தேடுபொறியில் அந்நாட்டவர் கண்ணில் படவும் நம்பிக்கை பெறவும் உதவும் என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டில் மாதந்தோறும் தவறாமல் சரக்கு போகும் நிலை வந்தபின் அதை எடுக்கலாம். அப்போதும் பதிவு குழுவின் பெயரில் இருக்கட்டும். உள்ளூர்க்காரர் தொடர்பாளராக மட்டும் இருக்கட்டும். தமிழிலேயே டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர், டாட் இலங்கை முகவரிகளும் உண்டு. ஆசைக்கு ஒன்று எடுக்கலாம். மின்னஞ்சலுக்கு அவை எல்லா இடத்திலும் தடையின்றி இயங்குவதில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். நெற்குப்பைக்கு ஒரு 'பி'யா, இரண்டா? கவுனிக்கு 'கே'யா, 'ஜி'யா? தொலைபேசியில் ஒரு முறை சொன்னால் பிழையின்றி எழுதக்கூடிய பெயரே நல்லது. வெறும் 'செட்டிநாடு அரிசி' எவர்க்கும் பொது; கூட உங்கள் விலாசம் ஒன்று வேண்டும். அப்பெயரை வணிகச் சின்னமாகவும் பதியுங்கள். இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். 2013-இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்ததால், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகளுக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

முகவரியை ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் பிறர் எடுத்துக்கொள்ளலாம். பதிவுக்குக் குழுவின் பொது மின்னஞ்சலையே கொடுங்கள். செயலாளரின் சொந்த மின்னஞ்சல் வேண்டாம். ரசீதையும் புதுப்பிக்கும் தேதியையும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.